விரலின் ஓசையும் விலையின் ஓசையும்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது பழமொழி. தன் குறையை இடத்தின்மேல் ஏற்றியவளை எள்ளி நகைத்தனர் நம் முன்னோர். இன்று அப்பழமொழிக்கு ஒரு புத்துரை வேண்டியிருக்கிறது. நன்றாக ஆடத் தெரிந்தவளையும் "உன் கூடம் கோணல், இறங்கு கீழே!" என்று விரட்டும் கூட்டம் ஒன்று நம்மிடையே தோன்றியிருக்கிறது. மலாக்கா மாநிலத்தின் தோட்டப்புறங்களிலும் சிறுநகரங்களிலும் திருமண மண்டபங்களையும் கோயில் திருவிழாக்களையும் நம்பி வாழும் மெல்லிசைக் குழுக்களில் அக்கூட்டத்தைக் காணலாம். சிறப்பாக, பேஸ் கித்தார் வாசிக்கும் இளைஞர்களிடையே அந்நோய் முற்றியிருக்கிறது.

தமிழாசிரியர்களும் தமிழ் மாணவர்களும் படிக்கும் தொகுப்பில் கித்தாரைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். இயல், இசை, நாடகம் என மூன்றையும் ஒரு மொழியின் கூறுகளாகக் கண்ட இனம் நம்முடையது. நம் பிள்ளைகள் எந்த இசையை வாசிக்கிறார்கள், எதனால் வாசிக்காமல் நின்றுவிடுகிறார்கள் என்பது தமிழாசிரியன் கவலைப்பட வேண்டிய செய்தியே. வகுப்பறையில் நாம் திறந்துவிட்ட வாயிலை வெளியே ஒருவன் அடைத்தால், 'அது என் துறையன்று' என்று ஒதுங்கி நிற்றல் ஆசிரியப் பணிக்கு அழகாகாது.

அடித்தளத்தின் இசை

பேஸ் கித்தார் என்பது பாட்டின் அடித்தளம். நான்கு தடித்த தந்திகள். அவற்றுள் மிகத் தாழ்ந்தது வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்வது. பாடகரைப் போல் அது முன்னே நிற்பதில்லை. வயலினைப் போல் மின்னுவதுமில்லை. மத்தளத்தின் தாளத்தையும் பாட்டின் சுரத்தையும் பிணைக்கும் வேலை அதனுடையது. அது இருக்கும்போது அதனைக் கவனிப்பார் சிலர். இல்லாதபோது ஏதோ குறைகிறது என்று உணர்வார் எல்லாரும்.

இளையராஜாவின் இசைக்குழுவில் நெடுங்காலம் பேஸ் கித்தார் வாசித்த சசிதரனின் பெயரைத் தோட்டத்து மக்களுள் எத்தனை பேர் அறிவர்? ஆயினும் 1980-களின் பாடல்களில் அவர் வாசிப்பைக் கேளாத லயத்து வீடு உண்டா? அதனைக் கேட்டதோ சிறிய வானொலிப் பெட்டியிலும் தேய்ந்த ஒலிநாடாவிலும். அத்தகைய சிறு பெட்டிகள் மிகத் தாழ்ந்த அதிர்வுகளைச் சரிவரத் தருவதில்லை. மேலெழும் துணைத்தொனிகளைக் கொண்டு காதே அடிச்சுரத்தை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. பாதி ஓசையே வந்தும் இசை முழுதாக வந்து சேர்ந்தது. அந்தக் கித்தாரை எந்த நிறுவனம் செய்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஏழு திரைகள்

இன்றைய இளைஞர் கேட்கிறார். அதையே முதலிலும் கேட்கிறார். இசைக்குழுவில் சேர வந்தவனின் விரலைப் பார்ப்பதற்குமுன் அவன் கித்தாரின் தலைப்பலகையைப் பார்க்கிறார்கள். அங்கே பொறித்திருக்கும் பெயர் ஃபெண்டரா, வேறொன்றா என்பதைக் கொண்டு வந்தவனின் தகுதி தீர்மானமாகிவிடுகிறது.

பெயரோடு முடிகிறதா என்றால் இல்லை. நான்கு தந்தி வைத்திருப்பவர் ஐந்து தந்திக்காரரைப் பார்த்து, 'வாசிக்கத் தெரியாதவனுக்குத்தான் கூடுதல் தந்தி' என்கிறார். ஐந்து தந்திக்காரர் நான்கு தந்தியைப் பழம்பொருள் என்கிறார். விரலால் மீட்டுவோர், 'பிக்' எனப்படும் சிறு வில்லையால் மீட்டுவோரைக் கலைஞராகவே ஒப்புவதில்லை. மின்கலம் பொருத்திய கித்தார் செயற்கையானது என்பார் ஒரு சாரார். மின்கலம் இல்லாதது ஊமை என்பார் மற்றொரு சாரார். வெற்றிடக் குழாய் ஒலிபெருக்கி வைத்திருப்பவருக்கு மற்ற ஒலிபெருக்கிகள் எல்லாம் தகரம். அமெரிக்காவில் செய்ததற்கு ஒரு மதிப்பு, ஜப்பானில் செய்ததற்கு ஒரு மதிப்பு, இந்தோனேசியாவில் செய்ததற்கு ஒரு மதிப்பு. பெயர், தந்தி, விரல், மின்கலம், குழாய், நாடு, விலை என்று வரிசையாக ஏழு திரைகளைத் தொங்கவிட்டு, ஏழுக்கும் பின்னால் இசையை ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

இவற்றுள் ஒவ்வொன்றிலும் ஓசை வேறுபாடு உண்டென்பதை நான் மறுக்கவில்லை. கழுத்தோரம் மீட்டினால் ஓசை குழைந்து வரும். பாலத்தோரம் மீட்டினால் இறுகி வரும். தட்டைச் சுற்றுத் தந்தி மெத்தென்றிருக்கும். உருண்டைச் சுற்றுத் தந்தி கணீரென்றிருக்கும். இவை சுவை வேறுபாடுகள். ஒருவருக்குப் புளிக்குழம்பு, ஒருவருக்குப் பருப்புக்குழம்பு. சுவை வேறுபாட்டை உயர்வு தாழ்வாக மாற்றுவதே பிழை. 'எனக்கு இது பிடிக்கும்' என்பது இரசனை. 'இதை வைத்திருப்பவனே மனிதன்' என்பது செருக்கு.

உலகம் சொல்லும் சான்று

இச்செருக்கு யாரை முன்மாதிரியாகக் காட்டுகிறதோ, அவர்களே அதற்கு எதிர்ச்சான்றாக நிற்கிறார்கள்.

லியோ ஃபெண்டர் பிரசிஷன் பேஸ் என்னும் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது 1951-இல். ஆளுயரப் பெருவயலினைத் தூக்கித் திரிய முடியாத கலைஞர் எளிதில் எடுத்துச் செல்லவும், மெட்டுகளின் துணையால் சுரம் பிசகாமல் வாசிக்கவும் உருவான கருவி அது. இன்று அரியணையில் அமர்த்தி வணங்கப்படும் அக்கருவி, பிறந்தபோது உழைப்பாளியின் கையாயுதம்.

அதனை வாசித்து அழியாப் புகழ் பெற்றவர் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோடவுன் நிறுவனத்துக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன். அவர் ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டினார். தந்தி அறுந்தாலொழிய மாற்றமாட்டார். புத்தம்புதுத் தந்தியின் பெயரை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் நம் இளைஞர், அழுக்கேறிய தந்தியில் ஒற்றை விரலால் உலகை ஆட்டுவித்த அவரை எந்த வரிசையில் வைப்பார்?

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க் நகரில் வயலின் வடிவான ஹாஃப்னர் கித்தாரை ஏறத்தாழ 30 பவுனுக்கு வாங்கினார். விலை கைக்கு எட்டியது ஒரு காரணம். இடக்கைக்காரரான அவர் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தோன்றாத வடிவம் மற்றொரு காரணம். அந்த மலிவுக் கித்தார் 1972-இல் களவு போய், அரை நூற்றாண்டு கழித்து மீண்டு வந்த செய்தி 2024-இல் உலகச் செய்தியாயிற்று. அதனை அரும்பொருளாக்கியது அவருடைய வாசிப்பு. சட்டியில் இருந்ததுதான் அகப்பையில் வந்தது. அகப்பையின் விலையால் சட்டி நிறையவில்லை.

1982-இல் ஃபெண்டர் நிறுவனம் ஜப்பானில் செய்வித்து, ஸ்குவையர் என்ற பெயரில் குறைந்த விலைக் கித்தார்களை வெளியிட்டது. மலிவுச் சரக்காகப் பிறந்த அந்தத் தொடக்ககாலக் கருவிகளை இன்று சேகரிப்பாளர் தேடி அலைகின்றனர். மரம் மாறவில்லை, தந்தி கட்டிய முறை மாறவில்லை, மதிப்பிடுவோரின் மனம் மாறியது. ஒரு கருவியின் உயர்வு காலத்தோடும் புகழோடும் ஏறி இறங்குமானால், அவ்வுயர்வு ஓசையில் இருந்ததென்று எப்படிச் சொல்வது?

இன்னும் கூர்மையான சான்று ஒன்று வயலின் உலகில் உண்டு. 2010-இல் அமெரிக்காவின் இந்தியானாபோலிஸ் நகரில் தேர்ந்த வயலின் கலைஞர் 21 பேரின் கண்ணை மறைத்து ஆறு வயலின்களை வாசிக்கச் செய்தனர். மூன்று புதியவை. மூன்று பழையவை, அவற்றுள் இரண்டு ஸ்ட்ராடிவாரி செய்தவை, ஒன்று குவார்னேரி செய்தது. விலைமதிப்பற்றவை எனப் போற்றப்படுபவை. 2012-இல் வெளிவந்த முடிவு என்ன? மிகுதியாக விரும்பப்பட்டது ஒரு புதிய வயலின். மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. கண் மூடியதும் காது திறந்துகொண்டது. வயலினில் வாழ்நாளைக் கழித்தோர்க்கே இந்நிலை என்றால், தகரக் கூரை வேய்ந்த மண்டபத்தில், நாற்காலி இழுபடும் ஓசைக்கும் பந்திக்கு அழைக்கும் குரலுக்கும் நடுவே, தலைப்பலகையின் பெயரைக் காதால் கண்டுபிடிப்போம் என்பது வெறும் வீம்பு.

சீவகன் செய்த தேர்வு

இங்கே ஒரு மறுப்பு எழும். "நல்ல கருவி வேண்டும் என்பது குற்றமா? நம் இலக்கியத்திலேயே கருவியின் தரம் பேசப்படவில்லையா?" என்று கேட்பர். தக்க கேள்வி. விடையும் நம் இலக்கியத்திலேயே இருக்கிறது.

சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தில் இசைப்போட்டிக்கு வந்த சீவகன், தனக்குத் தந்த யாழ்களை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறான். ஒன்று நீரில் கிடந்து நலிந்த மரம். ஒன்று வாள்பட்ட மரம். ஒன்று இடியுண்ட மரம். இவ்வாறு குற்றம் கூறி விலக்கியபின்னரே வாசிக்கத் தகுந்த யாழைக் கொள்கிறான். கருவியாய்வு நம் மரபுக்குப் புதிதன்று. ஆனால், சீவகன் எதைக் கொண்டு தேர்ந்தான்? மரத்தின் இயல்பைக் கொண்டு தேர்ந்தான். செய்தவன் பெயரையோ விற்ற விலையையோ அவன் உசாவவில்லை. கொண்டுவந்தவரைத் தாழ்வாகவும் பேசவில்லை. கருவியின் குற்றம் கருவியோடு நின்றது.

இதுவே தேர்ச்சிக்கும் செருக்குக்கும் உள்ள எல்லைக்கோடு. கழுத்து வளைந்த கித்தார் சுருதி சேராது; அதை நேராக்கு என்று சொல்பவர் ஆசான். தந்தி பலகையிலிருந்து மிக உயர்ந்திருந்தால் பிள்ளையின் விரல் நோகும். அதைத் தாழ்த்து என்று சொல்பவர் நண்பர். காந்தச் சுருள் தந்திக்கு மிக அருகில் இருந்தால் ஓசை சிதறும். சற்றே இறக்கு என்பவர் வழிகாட்டி. ஒரு திருப்புளியும் அரை மணி நேரமும் போதும், சில நூறு ரிங்கிட் கித்தார் மேடையேறிவிடும். இவற்றுள் ஒன்றையும் சொல்லித் தராமல், 'இதைத் தூக்கிக்கொண்டு வராதே' என்று மட்டும் சொல்பவருக்கு என்ன பெயர் இடுவது?

என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன். தந்தை செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி. பையன் பள்ளி முடித்து, தொழிற்சாலையில் மிகைநேர வேலை செய்து, கைமாறி வந்த பேஸ் கித்தார் ஒன்றை வாங்கினான். இரண்டாண்டுகள் தானே பழகினான். நான் கேட்டிருக்கிறேன், தாளம் பிசகாதவன். ஓர் இசைக்குழுவுக்குச் சென்றான். வாசிக்கச் சொல்லவில்லை, கருவியை வாங்கிப் பெயரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். "இதை மேடையில் தூக்கினால் எங்களுக்குத்தான் இழிவு" என்றார்கள். அவன் இப்போது வாசிப்பதில்லை. கித்தார் அவன் வீட்டு அலமாரிமேல் கிடக்கிறது. பல ஆயிரம் ரிங்கிட் கொடுத்து வாங்கிய கருவிகளோடு அக்குழு இன்றும் மேடையேறுகிறது. நம் சமூகம் ஒரு கலைஞனை இழந்தது. ஈடாகப் பெற்றது ஒரு பெயர்ப்பலகை.

நோயின் வேர்

இந்நோய் மேற்கிலிருந்து கித்தாரோடு கப்பலேறி வந்தது என்று சிலர் எண்ணுவர். நான் அவ்வாறு கருதவில்லை. இது நம் வீட்டிலேயே இருந்த நோய். கித்தார் அதற்குப் புதுச்சட்டை தைத்துத் தந்தது.

தொல்காப்பியர் கருப்பொருள்களை அடுக்கும்போது பறையையும் யாழையும் ஒரே வரிசையில் வைத்தார். திணைதோறும் ஒரு பறை, திணைதோறும் ஒரு யாழ். மாங்குடி கிழார் பாடிய புறநானூற்றுப் பாட்டு, துடியனையும் பாணனையும் பறையனையும் கடம்பனையும் ஊரின் சிறந்த குடிகளாக எண்ணியது. பின்னாளில் நாம் என்ன செய்தோம்? யாழை ஏட்டில் தொழுதோம். பறையைச் சேரிக்கு அனுப்பினோம். கருவியைத் தாழ்த்தியது அதன் ஓசைக்காகவா? அடித்தவனின் பிறப்புக்காக. 2025-இல் மதுரையின் பறையிசை ஆசான் வேலுவுக்குப் பத்மஸ்ரீ விருது வந்தபோது பலர் மகிழ்ந்தனர். ஆயினும் அக்கலை பட்ட இழிவை ஒரு விருது துடைத்துவிடாது.

மிருதங்கத்தைப் பாருங்கள். ஆட்டுத்தோல், மாட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றும் சேர்ந்தாலொழிய அதற்கு நாதமில்லை. இடப்பக்கத்தின் ஆழ்ந்த ஓசைக்கு ஈரமாவைக் குழைத்து அப்ப வேண்டும். நம் இசைக்கு அதுவே பழைய பேஸ். அந்தத் தோலைத் தேர்ந்து, பதமறிந்து, வாரிழுத்துக் கட்டியவர் யார்? பாலக்காடு மணி ஐயரின் பெயரை இசையுலகம் முழுவதும் அறியும். அவருக்கு மிருதங்கம் செய்து தந்த பர்லாந்தின் பெயரை எத்தனை பேர் அறிந்திருந்தனர்? அக்கைவினைஞர் மரபைப் பற்றி டி.எம். கிருஷ்ணா நூலெழுதி வெளியிட்டது 2020-இல்தான். விந்தையைக் காணுங்கள்! மேலைக் கித்தாரில் செய்தவன் பெயரைத் தலைமேல் எழுதி வாசிப்பவனை மறக்கிறோம். நம் மிருதங்கத்தில் செய்தவன் பெயரை அடியோடு மறைத்தோம். இரண்டிடத்தும் காதைத் தவிர மற்றெல்லாவற்றையும் கொண்டு இசையை அளந்தோம்.

கருவியை விலக்கிவைத்தவர்கள் பின்னர் நாணிய வரலாறும் உண்டு. அனைத்திந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தைத் தடை செய்தது. நம் இசையின் நுண்சுரங்களுக்கு அது ஒவ்வாது என்பது சொல்லப்பட்ட காரணம். மூன்று பத்தாண்டுகள் கழித்துத் தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. இதற்கு மாறாக, ஐரோப்பிய வயலினைப் பாலுசாமி தீட்சிதர் ஏற்றுக்கொண்டார். அது இன்று கருநாடக இசைமேடையின் உடன்பிறப்பு. கிளாரினெட் ஏ.கே.சி. நடராஜன் கையிலும், சாக்சபோன் கத்ரி கோபால்நாத் கையிலும், மின் மேண்டலின் சீனிவாசன் கையிலும் தம் பிறப்பிடத்தை மறந்து இராகம் பேசின. கை சொன்னதைக் கருவி கேட்டது.

நம் மலாக்காவையே பாருங்கள். தொண்டாங் சாயாங் என்னும் பாடற்கலையை மலாய்க்காரர், பாபா நோன்யா, தமிழ் வணிகர் வழிவந்த செட்டிகள், போர்த்துகீசியர் என நான்கு சமூகத்தார் போற்றி வருகின்றனர். 2020-இல் யுனெஸ்கோ அதனை மானுடத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது. அதன் கருவிகள் வயலின், ரெபானா, கொங். ஐரோப்பாவின் நரம்பும் தீவுகளின் வெண்கலமும் ஆட்டுத்தோலும் ஒரே பந்தலில் அமர்ந்தன. இத்தகைய மண்ணில் பிறந்த பிள்ளை, பக்கத்துத் தாமான் பிள்ளையின் கித்தாரைப் பார்த்து முகஞ்சுளிப்பது இம்மண்ணுக்கே பொருந்தாத செயல்.

ஜாசினிலும் அலோர்காஜாவிலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் வெறுமையாயின, மக்கள் தாமான்களுக்குக் குடியேறினர். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் முழங்கிய தப்பும் உருமியும் உடன் வந்தன. ஆனால், அவற்றை வாசிக்கும் இளைஞனைக் கித்தார் வாசிப்பவன் 'தோட்டக்காட்டு மேளம்' என்கிறான். அக்கித்தார்க்காரனை, விலையுயர்ந்த கித்தார்க்காரன் 'தகரக் கித்தார்' என்கிறான். படிக்கட்டு அதே படிக்கட்டு. ஏறி நிற்பவர் காலடியில் எப்போதும் ஒருவர் தேவைப்படுகிறார். உருமியின் வளைகோல் தோலில் இழைந்து எழுப்பும் உறுமலைக் காதால் கேட்ட எவனும், பேஸ் ஓசை அமெரிக்காவில் பிறந்தது என்று சொல்லமாட்டான்.

என் செய்ய வேண்டும்?

எளியதிலிருந்து அரியதற்கு, தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு: ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குப் புகட்டிய அடிப்படை இது. தொடக்கப்பள்ளியில் ரெக்கார்டர் என்னும் நெகிழிக் குழலில் பிள்ளைகள் சுரம் பழகுகிறார்கள். அக்குழலைச் செய்தவர் யாரென்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. பன்னிரண்டு வயதில் இல்லாத நோய் இருபது வயதில் வருகிறதென்றால், இடையில் நாம் எதையோ சொல்லித்தர மறந்திருக்கிறோம்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, இசைக்குழு நடத்துவோருக்கு: புதியவனைத் திரைக்குப் பின்னால் அமர்த்தி வாசிக்கச் செய்யுங்கள். மேலைநாட்டுப் பெருங்குழுக்கள் பல இவ்வழியைக் கையாண்டு முகம் பாராமல் கலைஞரைத் தேர்ந்தன. அல்லது உங்கள் கித்தாரையே அவன் கையில் கொடுங்கள். அவன் வாசிப்பு தேறினால், கருவியின் குறையைச் சேர்ந்து நீக்குங்கள். இரண்டாவது, கோயில் நிருவாகத்தாருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும்: ஒரு நாள் வாணவேடிக்கைக்கு ஆகும் செலவில் பொதுக் கித்தார் இரண்டும் உருமி ஒன்றும் தப்பு நான்கும் வாங்கி வையுங்கள். வசதியற்ற பிள்ளை மாலையில் வந்து பழகட்டும். மூன்றாவது, ஆசிரியப் பெருமக்களுக்கு: சிலம்பின் அரங்கேற்று காதையைக் கற்பிக்கும்போது ஒன்றை எடுத்துக் காட்டுங்கள். இளங்கோவடிகள் தண்ணுமையோன், குழலோன், யாழோன் என்று ஒவ்வொருவரின் புலமையையும் தனித்தனியே விரித்துரைத்தார். ஒருவர் அறிந்தது என்ன, அவரால் இயல்வது என்ன என்பதே அங்கே அளவுகோல். பாடம் தேர்வோடு முடியாமல் மாணவன் வாழ்வுக்குள் வரட்டும்.

இசையிளைஞர்களே, உங்களுக்கு ஒரு சொல். உயர்ந்த கருவியை விரும்புங்கள், உழைத்து வாங்குங்கள், பேணுங்கள். அதில் குற்றமில்லை. அதைத் தோளில் மாட்டியவுடன் பக்கத்தில் நிற்பவன் தோளைப் பார்க்காதீர்கள். அவன் விரலைக் கேளுங்கள். இன்று மலாக்காவின் ஏதோ ஒரு வீட்டில் அலமாரிமேல் தூசு படிந்து கிடக்கும் கித்தாரை இறக்கிவைக்கச் சொல்லி, அதன் உரியவனை உங்கள் ஒத்திகைக்கு நீங்களே சென்று அழையுங்கள். உங்கள் இசைக்கு அதைவிட நல்ல அடிச்சுரம் வேறு கிடையாது.